வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடை, மின்திறன் கணக்கிடுவது எப்படி

ஒரு மின்பொருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமும் அதன் வழியே ஓடும் மின்னோட்டமும் தெரிந்துவிட்டால், மின்தடைக்கு ஒரு வகுத்தல் போதும். மின்திறனுக்கு ஒரு பெருக்கல் போதும். பள்ளிப் பாடத்திலேயே இது முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் பணிமேசையில் வரும் விடைகள் அடிக்கடி தவறிப்போகின்றன. தவறு கணக்கில் இல்லை, கணக்குக்குள் நாம் போடும் எண்களில் இருக்கிறது. சப்ளையின் மேல் அச்சிட்டிருக்கும் 12 வோல்ட்டை எடுத்துக்கொண்டு, மீட்டரில் பார்த்த ஆம்பியரால் வகுக்கிறோம். அந்த நேரத்தில் சப்ளை 11.4 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கலாம். வயரிலேயே அரை வோல்ட் போயிருக்கலாம்.

ஆகவே முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இது: வோல்ட், ஆம்பியர் இரண்டும் ஒரே பொருளுக்கு உரியவையாக இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும், அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுத்தவையாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சூத்திரம் ஒரு எண்ணைத் தரத்தான் செய்யும். அந்த எண் எதற்கும் உதவாது.

சூத்திரங்களும் அலகுகளும்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

இவ்விரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தினால் இன்னும் இரண்டு வடிவங்கள் வரும்:

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை.

மின்திறன் = (மின்னழுத்தம் × மின்னழுத்தம்) ÷ மின்தடை.

எதை எப்போது பயன்படுத்துவது? தொடராக இணைந்த பொருள்களில் ஒரே கரன்ட்தான் எல்லாவற்றிலும் ஓடும். அங்கே கரன்டை வைத்துக் கணக்கிடும் வடிவம் எளிது. வயரில் வீணாகும் திறனுக்கும் அதுதான் சரி. பக்கவாட்டில் இணைந்த பொருள்களுக்கு ஒரே வோல்ட்டேஜ்தான் கிடைக்கும். அங்கே வோல்ட்டேஜை வைத்துப் போடும் வடிவம் வசதி. இரண்டிலும் ஒரு அளவு தனக்குத்தானே பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். கரன்ட் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும். இரட்டிப்பாகும் என்று எண்ணி ரெசிஸ்டர் வாங்கினால் அது கருகிவிடும்.

சிறிய சுற்றுகளில் மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்றும்போது ஒரு பூஜ்யம் நழுவுவது சாதாரணமாக நடக்கும் பிழை. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் நேராக வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும். பெருக்கினால் மில்லி வாட்டில் வரும். 9 வோல்ட், 4.5 மில்லி ஆம்பியர் என்றால் 9 ÷ 4.5 = 2 கிலோ ஓம்; 9 × 4.5 = 40.5 மில்லி வாட். பூஜ்யங்களை எண்ணும் வேலையே இல்லை.

அளவிடும் முன் மீட்டரைப் பற்றி

வோல்ட்டேஜ் அளக்க மீட்டரைப் பொருளின் இரு முனைகளிலும் பக்கவாட்டில் வைக்க வேண்டும். கரன்ட் அளக்கச் சுற்றை ஓரிடத்தில் பிரித்து, மீட்டரை அந்த இடைவெளியில் தொடராகச் செருக வேண்டும். கரன்ட் அளக்கும் நிலையில் மீட்டரின் உள்தடை மிகக் குறைவு; அது ஏறத்தாழ ஒரு வயர் துண்டுதான். சிவப்புப் புரோபை ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு, மறந்துபோய் வோல்ட்டேஜ் பார்க்க ஒரு பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். நல்ல மீட்டர் என்றால் உள்ளே ஃபியூஸ் போகும். மலிவான பல மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அங்கே புரோப் முனை உருகும், கை சுடும். கரன்ட் அளந்து முடித்த அடுத்த நொடியே சிவப்புப் புரோபை வோல்ட் துளைக்கு மாற்றிவிடும் பழக்கம் வேண்டும்.

மில்லி ஆம்பியர் துளையில் கரன்டே காட்டவில்லை, சுற்றும் இயங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டருக்குள் இருக்கும் சிறிய ஃபியூஸை. முன்பு யாரோ அதிகக் கரன்டைச் செலுத்தி அதைப் போக்கியிருப்பார்கள்.

ஓம் நிலையை மின்சாரம் ஓடும் சுற்றில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்த நிலையில் மீட்டர் தன் சொந்தப் பேட்டரியிலிருந்து சிறிய கரன்டைச் செலுத்தித்தான் மின்தடையைக் கண்டுபிடிக்கிறது. வெளியிலிருந்து வேறு மின்னழுத்தம் கலந்தால் அளவு கெடும், மீட்டரும் கெடலாம். சப்ளையை நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்னேற்றத்துடன் இருக்கும் என்பதால் அவற்றை ஒரு ரெசிஸ்டர் மூலம் இறக்கிவிட்டு, மீட்டரால் உறுதிசெய்த பிறகே தொட வேண்டும்.

வீட்டு மின்சாரம் போன்ற உயர் மின்னழுத்தத்தில் சுற்றைப் பிரித்து மீட்டரைச் செருகும் வேலையே வேண்டாம். கிளாம்ப் மீட்டர் போதும். அதன் தாடைக்குள் ஒரே ஒரு வயர் மட்டும் போக வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் இரு கரன்டுகளும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மீட்டர் பூஜ்யம் காட்டும். கரன்ட் மிகக் குறைவாக இருந்தால் அந்த ஒற்றை வயரைத் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றி, காட்டும் அளவைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். இந்தச் சுற்றலையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒரு ஹீட்டர் சுருளை முழுமையாக அளப்போம்

லேபிள் எதுவும் இல்லாத ஒரு நைக்ரோம் (நிக்கல்–குரோமியம் கலப்பு உலோகம்) சுருள், வோல்ட்டேஜை மாற்றக்கூடிய 0–15 வோல்ட் டிசி சப்ளை, ஒரே ஒரு மல்டிமீட்டர். கரன்டைச் சரியாக அளக்க 0.1 ஓம், 5 வாட், 1 சதவீதத் துல்லியம் கொண்ட ஒரு ரெசிஸ்டரை ஷண்டாகப் பயன்படுத்துவோம். இதன் வழியே 1 ஆம்பியர் ஓடினால் முனைகளில் சரியாக 100 மில்லி வோல்ட் விழும். ஆகவே மில்லி வோல்ட்டில் காட்டும் எண்ணை 100-ஆல் வகுத்தால் ஆம்பியர். மீட்டரை ஆம்பியர் நிலைக்கே கொண்டுபோக வேண்டியதில்லை, ஃபியூஸ் போகும் பயமும் இல்லை.

1. சப்ளையின் நேர் முனையிலிருந்து சுருளுக்கு, சுருளிலிருந்து ஷண்டுக்கு, ஷண்டிலிருந்து சப்ளையின் எதிர் முனைக்கு என்று தொடராக இணைக்கவும். சுருளை எரியாத தளத்தில், எதையும் தொடாமல் வைக்கவும்.

2. சப்ளையை இயக்கி, மீட்டர் சுருளின் இரு முனைகளிலும் 3.00 வோல்ட் காட்டும் வரை ஏற்றவும். புரோப்களைச் சுருளின் முனைகளிலேயே வைக்கவும், சப்ளையின் முனைகளில் வைக்க வேண்டாம். வயரிலும் ஷண்டிலும் விழும் மின்னழுத்தம் சுருளின் கணக்கில் சேரக் கூடாது.

3. வெப்பம் நிலைபெற ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, ஷண்டின் முனைகளில் மில்லி வோல்ட்டைப் படிக்கவும். பிறகு சுருளின் வோல்ட்டேஜை மறுபடி பார்க்கவும். மாறியிருந்தால் சரிசெய்து இரண்டையும் மீண்டும் எடுக்கவும்.

4. இதையே 6, 9, 12 வோல்ட்டில் செய்யவும்.

எடுத்துக்காட்டாக அளவுகள் இப்படி வருகின்றன என்று கொள்வோம். 3.00 வோல்ட்டில் ஷண்டில் 30.6 மில்லி வோல்ட், அதாவது 0.306 ஆம்பியர், மின்தடை 9.80 ஓம். 6.00 வோல்ட்டில் 0.608 ஆம்பியர், 9.87 ஓம். 9.00 வோல்ட்டில் 0.905 ஆம்பியர், 9.94 ஓம். 12.00 வோல்ட்டில் 1.198 ஆம்பியர், 10.02 ஓம்.

மின்தடை மெல்ல ஏறுவதைப் பாருங்கள். இது அளவுப் பிழை என்றால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். ஒரே திசையில் சீராக ஏறினால் சுருள் சூடாவதைக் காட்டுகிறது. நைக்ரோமின் மின்தடை வெப்பத்தால் சில சதவீதம் மட்டுமே மாறும்; ஹீட்டர் செய்ய அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 12 வோல்ட்டில் திறன் 12.00 × 1.198 = 14.4 வாட். சரிபார்க்க 1.198 × 1.198 × 10.02 போட்டுப் பாருங்கள், அதே 14.4 வரும். இரு வழிகளிலும் ஒரே விடை வராவிட்டால் எங்கோ ஒரு தசமப் புள்ளி நகர்ந்திருக்கிறது.

ஷண்டும் சூடாகும் என்பதை மறக்க வேண்டாம். 1.198 ஆம்பியரில் அதன் திறன் 0.14 வாட்தான், 5 வாட் ரெசிஸ்டருக்கு அது ஒன்றுமில்லை. அதனால்தான் அளவு நகராமல் நிற்கிறது. கால் வாட் ரெசிஸ்டரை ஷண்டாகப் போட்டால் அதுவே சூடாகித் தன் மின்தடையை மாற்றிக்கொண்டு கரன்ட் அளவைக் கெடுக்கும்.

சப்ளை நிலையாக இல்லாத சிக்கல், மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் ஓடும் என்ற ஓம் விதியைக் கண்டுபிடித்த கேயார்க் ஓமுக்கே வந்தது. அவர் காலத்து வோல்டா மின்கலங்களின் மின்னழுத்தம் கரன்ட் ஓட ஓட இறங்கிக்கொண்டே இருந்தது. அளவுகள் ஒழுங்குக்கு வரவில்லை. பிஸ்மத்–செம்பு வெப்ப மின்னிரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மூலம் ஒன்றை அமைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்குத் தெளிவான முடிவு கிடைத்தது. 1827-இல் அதை நூலாக வெளியிட்டார்.

குளிர்ந்த நிலை மின்தடையை நம்ப வேண்டாம்

மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தாலே மின்தடை தெரிந்துவிடுமே, வோல்ட்டும் ஆம்பியரும் எதற்கு என்று கேட்கலாம். நைக்ரோம் சுருளுக்கு அது ஓரளவு சரி. டங்ஸ்டன் இழை பல்புக்கு முழுத் தவறு. 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் கரன்ட் 60 ÷ 230 = 0.261 ஆம்பியர், மின்தடை ஏறத்தாழ 882 ஓம். அதே பல்பை அணைத்துக் கழற்றி மீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். 65 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டு திறன் கணக்கிட்டால் 230 × 230 ÷ 65 = 814 வாட் வரும். 60 வாட் பல்புக்கு 814 வாட்! இந்த எண் முற்றிலும் பொய்யும் அல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு கரன்ட்தான் பாயப் பார்க்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில் அறுந்துபோவதற்கு இந்தப் பாய்ச்சலும் காரணம்.

செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 20 ஓம் உள்ள ஒரு சுருள் 80 டிகிரிக்குச் சூடானால் 24.7 ஓம் ஆகிவிடும். இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்: ஓடிய மோட்டாரை நிறுத்திய உடனே அதன் சுருளின் மின்தடையை அளந்தால், உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்பது தெரியும். தொட முடியாத இடத்தின் வெப்பநிலை இப்படிக் கைக்கு வருகிறது.

டையோடு, எல்இடி போன்றவற்றுக்கு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் எண்ணை மின்தடை என்று பிடித்துக்கொள்ளக் கூடாது. 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியரில் எரியும் எல்இடிக்கு 100 ஓம் என்று வரும். அதை நம்பி 4 வோல்ட் கொடுத்தால் 40 மில்லி ஆம்பியர்தான் ஓடும் என்று நினைத்தால் எல்இடி போய்விடும். மின்னழுத்தம் சற்றே ஏறினாலும் அதன் கரன்ட் பல மடங்கு பாயும். ஆனால் அந்தக் கணத்தின் திறன், அதாவது 2 × 20 = 40 மில்லி வாட் என்பது சரியான விடையே. மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்ற கணக்கு எந்த டிசி பொருளுக்கும் பொருந்தும். மின்தடைக் கணக்குதான் பொருளைப் பார்த்துப் போட வேண்டியது. ஐயம் இருந்தால் மேலே செய்தது போல நான்கைந்து வோல்ட்டேஜில் அளந்து, புள்ளிகளை வரைபடத்தாளில் குறியுங்கள். பூஜ்யத்தின் வழியே செல்லும் நேர்கோட்டில் விழுந்தால் ஓம் விதி பொருந்துகிறது.

எல்இடிக்கு ரெசிஸ்டர் தேர்ந்தெடுத்தல்

12 வோல்ட் சப்ளை, 2 வோல்ட் சிவப்பு எல்இடி, 20 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரின் மேல் விழ வேண்டியது 12 − 2 = 10 வோல்ட். 10 ÷ 20 = 0.5 கிலோ ஓம், அதாவது 500 ஓம். வழக்கமாகக் கிடைக்கும் வரிசையில் 500 இல்லை. 470, 560 இரண்டும் உண்டு. 470 போட்டால் 10 ÷ 470 = 21.3 மில்லி ஆம்பியர். 560 போட்டால் 17.9. எல்இடியின் வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆயுளுக்கு நல்லது என்பதால் 560-ஐ எடுப்பதே சரி.

இனி வாட். 560 ஓமில் 10 × 17.9 = 179 மில்லி வாட். கால் வாட் ரெசிஸ்டர் 250 மில்லி வாட் தாங்கும், ஆகவே கணக்குப்படி போதும். ஆனால் மூடிய பெட்டிக்குள் அது கை வைக்க முடியாத அளவு சுடும். ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் வாட்டில் பாதிக்கு மேல் சுமத்தாமல் இருப்பது நல்ல வழக்கம். அரை வாட் போடுங்கள். இல்லையென்றால் 270 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு வெப்பத்தைப் பங்கிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 90 மில்லி வாட்தான் விழும்.

ரெசிஸ்டரைக் கணக்கிடும்போது சப்ளையின் முழு 12 வோல்ட்டையும் போட்டு 600 ஓம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரெசிஸ்டரின் முனைகளில் இருப்பது 10 வோல்ட்தான்.

வோல்ட்டேஜ் மாறினால் திறன் எவ்வளவு மாறும்

230 வோல்ட், 1000 வாட் என்று எழுதிய ஹீட்டரின் மின்தடை 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம், கரன்ட் 4.35 ஆம்பியர். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்து 207 வோல்ட் ஆனால் 207 × 207 ÷ 52.9 = 810 வாட். பத்து சதவீத இறக்கம் திறனில் பத்தொன்பது சதவீதத்தைத் தின்றுவிட்டது. தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. 4.35 ஆம்பியர் மாறாது என்று எண்ணி 207 × 4.35 = 900 வாட் என்று போடுவது தவறு; வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் சேர்ந்தே இறங்கும்.

எதிர்த்திசையில் இது ஆபத்து. 120 வோல்ட் நாட்டுக்காகச் செய்த 1000 வாட் ஹீட்டரின் மின்தடை 14.4 ஓம். அதை 230 வோல்ட்டில் செருகினால் 52900 ÷ 14.4 = 3674 வாட், ஏறத்தாழ 16 ஆம்பியர். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் சுருளும் வயரும் எரியும்.

வயரையும் கணக்கில் சேருங்கள்

12 வோல்ட் அமைப்புகளில் வேலை செய்பவர்களை மிகவும் அலைக்கழிப்பது வயரின் மின்தடை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 7.41 ஓம். இவை சர்வதேசத் தரத்தின் உச்ச வரம்புகள்.

12 வோல்ட், 60 வாட் ஹீட்டர் ஒன்று பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இருக்கிறது. ஹீட்டரின் மின்தடை 144 ÷ 60 = 2.4 ஓம். கரன்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் வயர் நீளம் 20 மீட்டர், மின்தடை 0.242 ஓம். மொத்தம் 2.642 ஓம். கரன்ட் 12 ÷ 2.642 = 4.54 ஆம்பியர். ஹீட்டருக்குக் கிடைப்பது 4.54 × 4.54 × 2.4 = 49.5 வாட். வயரில் வெப்பமாக வீணாவது 5 வாட். 60 வாட் என்று வாங்கிய பொருள் 49.5 வாட்தான் தருகிறது. அதில் ஹீட்டரின் குற்றம் ஒன்றும் இல்லை. 10 மீட்டர் நீளத்தை மட்டும் போட்டு, திரும்பி வரும் வயரை விட்டுவிட்டவர்களுக்குப் பாதி இழப்புதான் கணக்கில் வரும்.

பேட்டரிக்கு உள்ளேயும் இதே கணக்கு உண்டு. லோடு இல்லாமல் 12.62 வோல்ட், 10 ஆம்பியர் எடுக்கும்போது 12.11 வோல்ட் என்றால், வித்தியாசம் 0.51 வோல்ட். 0.51 ÷ 10 = 0.051 ஓம், அதுவே உள்தடை. வயதாக ஆக இந்த எண் ஏறும். மாதம் ஒருமுறை ஒரே லோடில் அளந்து குறித்து வைத்தால் பேட்டரியின் நிலை முன்கூட்டியே தெரியும்.

மீட்டரே சுற்றின் ஒரு பகுதி

கரன்ட் மீட்டர் தொடராக இருக்கிறது என்பதால் அதன் உள்தடையும் சுற்றில் சேரும். மில்லி ஆம்பியர் நிலையில் அது 1 ஓம் என்றும், அளக்கும் பொருள் 10 ஓம் என்றும் வையுங்கள். வோல்ட் மீட்டரை இரண்டுக்கும் சேர்த்து வெளியே வைத்தால் விடை 11 ஓம் வரும். பத்து சதவீதப் பிழை. வோல்ட் மீட்டரைப் பொருளின் முனைகளில் மட்டும் வைத்தால் இது மறையும்.

மறுபுறம், பொருள் 1 மெகா ஓம், வோல்ட் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்றால் நேர்மாறு. 10 வோல்ட்டில் பொருளுக்கு 10 மைக்ரோ ஆம்பியர், மீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர். கரன்ட் மீட்டர் 11 காட்டும். கணக்கில் 0.909 மெகா ஓம் வரும். இங்கே வோல்ட் மீட்டரைக் கரன்ட் மீட்டருக்கும் வெளியே வைப்பதுதான் சரி. எங்கே மாற்றிக்கொள்வது? இரு உள்தடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 1 ஓம், 10 மெகா ஓம் என்றால் ஏறத்தாழ 3 கிலோ ஓம். பொருளின் மின்தடை அதற்குக் கீழே என்றால் வோல்ட் மீட்டர் பொருளின் முனைகளில் மட்டும், மேலே என்றால் கரன்ட் மீட்டருக்கும் வெளியே.

மிகச் சிறிய மின்தடைகளுக்குப் புரோப் வயரே எதிரி. ஓம் நிலையில் இரு புரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். 2 மீட்டர் நீள 1.5 சதுர மில்லிமீட்டர் வயரின் மின்தடை 0.024 ஓம்தான், அதை இப்படி அளக்க முடியாது. அதன் வழியே சரியாக 1 ஆம்பியரைச் செலுத்தி, கரன்ட் நுழையும் இடத்துக்குச் சற்று உள்ளே தனி இரு புரோப்களை வைத்து மில்லி வோல்ட்டைப் படியுங்கள். 24 மில்லி வோல்ட் என்றால் 24 மில்லி ஓம். மின்னழுத்தம் பார்க்கும் புரோப்களில் கரன்ட் ஏறத்தாழ ஓடுவதே இல்லை என்பதால் அவற்றின் மின்தடை அளவில் சேராது. சுவிட்ச், ரிலே, பற்றவைத்த இணைப்பு ஆகியவற்றின் தரத்தைப் பார்க்கவும் இதே நான்கு வயர் முறைதான்.

ஏசியில் என்ன மாறும்

ஹீட்டர், இழை பல்பு போன்றவற்றுக்கு எதுவும் மாறாது. மீட்டர் காட்டும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் ஆர்எம்எஸ் மதிப்புகள் (அதே வெப்பத்தைத் தரும் டிசி அளவுகள்) என்பதால் அதே சூத்திரங்கள் பொருந்தும். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர் என்று வந்தால் பெருக்கி வரும் எண் வாட் அல்ல, வோல்ட்–ஆம்பியர். 230 வோல்ட், 1.80 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 414 வோல்ட்–ஆம்பியர். திறன் மீட்டர் 298 வாட் காட்டினால் 298 ÷ 414 = 0.72 என்பது அதன் பவர் ஃபேக்டர். வோல்ட்டும் ஆம்பியரும் மட்டும் கையில் இருந்தால் இந்த வாட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பவர் ஃபேக்டர் தெரிய வேண்டும், அல்லது திறன் மீட்டர் வேண்டும்.

அதே மோட்டாரில் 230 ÷ 1.80 = 128 ஓம் என்பதும் மின்தடை அல்ல, மின்மறுப்பு, அதாவது ஏசிக்குச் சுருள் காட்டும் மொத்த எதிர்ப்பு. சுருளை ஓம் நிலையில் அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே காட்டும். அந்தக் குறைந்த மின்தடையால்தான் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை அதே அளவு டிசியில் இணைத்தால் எரிகிறது. மூன்று பேஸ் சமநிலை லோடுக்கு, லைன் வோல்ட் × லைன் ஆம்பியர் × 1.732 × பவர் ஃபேக்டர்: 400 வோல்ட், 10 ஆம்பியர், 0.85 என்றால் 5889 வாட்.

சார்ஜர், எல்இடி விளக்கு போன்றவை கரன்டைச் சீரான அலையாக இழுப்பதில்லை, கூர்மையான துடிப்புகளாக இழுக்கின்றன. ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதாத மீட்டர் இங்கே உண்மையைவிடக் கணிசமாகக் குறைத்தே காட்டும்.

டிசியிலும் இதே பொறி உண்டு. துடிப்பாகக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் 12 வோல்ட் சுற்றில், பாதி நேரம் இயங்கி பாதி நேரம் நிற்கும் 10 ஓம் ஹீட்டரைப் பாருங்கள். மீட்டர் சராசரியாக 6 வோல்ட், 0.6 ஆம்பியர் காட்டும். வகுத்தால் 10 ஓம், சரிதான். பெருக்கினால் 3.6 வாட், தவறு. இயங்கும் நேரத்தில் 14.4 வாட், அதில் பாதி என்றால் உண்மையான திறன் 7.2 வாட். சராசரிகளைப் பெருக்கினால் சராசரித் திறன் வராது.

விடையில் எத்தனை இலக்கம் எழுதலாம்

கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டும். மீட்டர் அவ்வளவு தராது. மேலே பார்த்த சுருளை ஷண்ட் இல்லாமல் 10 ஆம்பியர் நிலையிலேயே அளந்திருந்தால் 1.20 என்று மட்டுமே தெரிந்திருக்கும். அந்த நிலைக்கு மீட்டரின் கையேடு ±2 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 5-ம் என்று சொன்னால், பிழை 0.024 + 0.05 = 0.074 ஆம்பியர், ஆறு சதவீதத்துக்கு மேல். வோல்ட்டுக்கு ±0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2-ம் என்றால் 12.00-இல் 0.08 வோல்ட், 0.7 சதவீதம். வகுத்தாலும் பெருக்கினாலும் இரண்டும் கூடும்: மின்தடை 10.0 ஓம், ஏழு சதவீதம் முன்பின்; 9.3-இலிருந்து 10.7 வரை எங்கும் இருக்கலாம். இப்படிப்பட்ட அளவில் 10.02 என்று எழுதினால் கடைசி இரண்டு இலக்கங்களுக்கும் ஆதாரமே இல்லை. 10 ஓம் என்று எழுதிப் பக்கத்தில் ±0.7 என்று குறியுங்கள். கரன்ட் × கரன்ட் × மின்தடை என்ற வடிவத்தில் தனித்தனியாக அறிந்த மின்தடையை வைத்துத் திறன் கண்டால் கரன்டின் பிழை இரு முறை சேரும். ஆகவே ஆம்பியர் அளவு ஐயமாக இருக்கும் இடத்தில் வோல்ட் × வோல்ட் ÷ மின்தடை என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண மீட்டர்களில் டிசி வோல்ட்தான் மற்ற அளவுகளைவிடத் துல்லியமானது.